கராஜ் வாசலில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் கார்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்து சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. நாலு பேர் கூடி ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பெற்றோல் முடிந்திருக்கும் என்பார் ஒருவர். பிளக் நனைந்துவிட்டது என்பார் இன்னொருவர். கதவுகளைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கால்மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எஞ்சின் ஓடும். நேரே கராஜுக்குக் கொண்டுபோனால் எத்தனை தடவை போட்டாலும் எடுக்கும். “இப்ப நல்லாத்தானே எடுக்குது காக்கா. இனி நிக்கக்குள்ள கொண்டு வாங்க” என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொள்வார். நின்றுபோன காரை எப்படிக் கொண்டுவருவது என்று இரண்டு பேருக்குமே யோசனை போகாது.

நற்பிட்டிமுனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று கிழக்கிலங்கையின் இந்தக் கரையோரத்தில் ஓடும் கார்களில் நிறைய, ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் வண்டிகளுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. கிழக்கே கடல், மேற்கே வயலும் ஆறும். உப்புக்காற்று, சித்திரை வெயில், மாரி வெள்ளம் எல்லாம் ஒரே வண்டியின் மேல் மாறி மாறி விழும் ஊர். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடைக்காது.

இப்படிப்பட்ட பழுதைக் காரின் பிடிவாதம் என்றோ, கண்ணூறு என்றோ விட்டுவிடுபவர்கள் உண்டு. உண்மையில் இதற்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது. பழுது தோன்ற இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் கூட வேண்டும். ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கிறது: தேய்ந்த செம்பு, விரிசல் விட்ட சோல்டர், உப்புப் பூத்த முனை. மற்றது வந்து போகிறது: சூடு, ஈரம், அதிர்வு, அதிக மின்னோட்டம். கராஜ் நிழலில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது. ஆகவே எந்தப் பாகம் கெட்டது என்று தேடுவதற்கு முன்னால் எப்போது கெடுகிறது என்று கேட்க வேண்டும். மலேரியா இருந்த காலத்து வைத்தியர்கள் முறைக்காய்ச்சலை இப்படித்தான் பிடித்தார்கள். உடம்பைத் தொடுவதற்கு முன்னால் எந்த நாள், எந்த நேரம் குளிர் எடுக்கிறது என்று கேட்டார்கள்.

கேட்கவேண்டிய முதல் கேள்வி, எஞ்சின் சுற்றியதா இல்லையா என்பது. இரண்டையுமே நாம் “ஸ்டார்ட் ஆகல்ல” என்று சொல்லிவிடுகிறோம். அதோடு பாதித் தகவல் போய்விடுகிறது. சுற்றவே இல்லை என்றால் பழுது பெட்டரிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்டரியைச் சந்தேகிப்பது வீண்; பெற்றோலோ நெருப்போ போய்ச் சேரவில்லை, அல்லது இரண்டையும் எப்போது கொடுப்பது என்று கம்பியூட்டருக்குத் தெரியவில்லை. சுற்றாத காரிலும் சத்தம் வேறுபடும். தட தடவென்று வேகமாகத் தட்டினால் மின்னழுத்தம் போதாமல் சொலினொயிட் பிடித்துப் பிடித்து விடுகிறது. ஒரே ஒரு “டக்” கேட்டு நின்றுவிட்டால் கதை வேறு. சத்தமே இல்லை என்றால் சாவிச் சுவிட்சோ, ரிலேயோ, ஓட்டோ கியர் வண்டியாக இருந்தால் கியர் நிலையைப் பார்க்கும் சுவிட்சோ காரணமாகலாம். கடைசியதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ‘பீ’யில் எடுக்காத காரை பிரேக்கை மிதித்துக்கொண்டு ‘என்’னில் போட்டுத் திருப்ப வேண்டும், எடுத்தால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது.

ஸ்டார்ட்டர் மோட்டர் ஒரு விசித்திரமான பொருள். 1912ஆம் ஆண்டு மொடல் கடிலாக் கார்களில் இதைக் கொண்டுவந்த சார்ள்ஸ் கெற்றரிங், அதற்கு முன் காசுப் பெட்டி இயந்திரங்களுக்குச் சின்ன மின்மோட்டர் செய்தவர். ஒரு மோட்டரை அதன் தாங்குசக்திக்கு மேலே சில செக்கன்கள் மட்டும் வேலை வாங்கலாம், சூடேறுவதற்குள் விட்டுவிட்டால் போதும் என்பது அங்கே அவர் கற்றது. இன்றைக்கும் அதே தத்துவம்தான். ஒரு சின்ன பெற்றோல் காரின் ஸ்டார்ட்டர் 100 முதல் 200 அம்பியர் வரை இழுக்கும். வீட்டில் ஒரு பல்ப் அரை அம்பியரைக்கூட எட்டாது என்பதை நினைத்தால் இந்தத் தொகையின் பருமன் விளங்கும். பத்து செக்கனுக்கு மேல் தொடர்ந்து சாவியைப் பிடிக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

இந்தப் பெரிய மின்னோட்டத்துக்குள்தான் மெக்கானிக்குகளை ஏமாற்றும் பொறி இருக்கிறது. சாதாரண தரத்தில் படித்த ஓமின் விதி போதும் அதைப் புரிந்துகொள்ள. பெட்டரியின் முனைக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் நடுவில் உப்புக்காற்றும் அமில ஆவியும் சேர்ந்து ஒரு படலம் படிந்திருக்கிறது. அதன் தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரை கிளாம்பில் வைத்துப் பார்த்தால் 12.6 வொல்ட் காட்டும். பெட்டரி நிறைந்திருக்கிறது என்று முடிவு செய்வார்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ அம்பியர் அளவுதான். அந்தத் துளி மின்னோட்டத்துக்கு 0.02 ஓம் ஒரு தடையே அல்ல. ஆனால் சாவியைத் திருப்பி 150 அம்பியர் ஓடும்போது அதே இடத்தில் 3 வொல்ட் தொலைந்துபோகும். பெட்டரியின் சொந்த அழுத்தமும் அந்த நேரம் பத்தரைக்கு இறங்கியிருக்கும். ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது ஏழரை. தொலைந்த சக்தி 450 வாற் சூடாக அந்த மூட்டிலேயே வெளிப்படும். அந்தச் சூட்டில் உலோகம் விரிந்து, படலம் சற்று விலகி, அடுத்த தடவை நன்றாகத் தொட்டாலும் தொடும். ஸ்பேனரால் முனையில் தட்டியவுடன் ஸ்டார்ட் ஆகிறதே, அங்கேயும் படலம் விலகுவதுதான் மந்திரம்.

ஆக, நின்றுகொண்டிருக்கும் காரில் மின்னழுத்தத்தை அளப்பதால் பாதி உண்மைதான் கிடைக்கும். வேலை செய்யும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் மறை முனையில், கிளாம்பில் அல்ல, நடுவிலுள்ள ஈயத்திலேயே அழுத்திக்கொண்டு, மற்றதை எஞ்சின் உடம்பில் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். 0.2 வொல்ட் அளவுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அதைவிட நன்றாக ஏறினால் எர்த் வயரோ அதன் போல்ட்டோ துருவேறியிருக்கிறது. நேர்ப் பக்கத்தில், பெட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும், அரை வொல்ட் வரை பொறுக்கலாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெட்டரியே 9.6 வொல்ட்டுக்குக் கீழே விழுந்தால் குற்றம் பெட்டரியில். மீட்டர் இல்லாதவர் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பலாம். வெளிச்சம் செத்துப்போனால் பெட்டரியோ அதன் மூட்டுகளோ; வெளிச்சம் குறையாமல் ஒரு “டக்” மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டருக்குள்ளே தேடலாம்.

அந்த ஒற்றை “டக்” பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எண்பதுகள், தொண்ணூறுகளின் டொயோட்டாக்களில் இருந்த நிப்பொன்டென்சோ ஸ்டார்ட்டர்களின் பேர்பெற்ற நோய் அது. சொலினொயிட்டுக்குள் ஒரு செம்புத் தட்டு முன்னே பாய்ந்து, இரண்டு செம்புக் கட்டைகளை ஒரே நேரத்தில் தொட்டு இணைக்கும். ஒவ்வொரு தடவையும் தொடும் கணத்தில் சிறு மின்வில் தோன்றிச் செம்பைக் கொஞ்சம் தின்னும். கட்டைகளில் ஒன்று மற்றதைவிட வேகமாகத் தேயும். வருடக் கணக்கில் தேய்ந்தபின் தட்டு ஒன்றைத் தொடும், மற்றதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். தட்டு தன் அச்சில் சுழலக்கூடியது என்பதால் ஒவ்வொரு தடவையும் அதன் வேறு விளிம்பு வந்து படும். மேடான விளிம்பு பட்டால் ஸ்டார்ட், பள்ளமான விளிம்பு பட்டால் “டக்”. மூன்று தடவை மறுத்துவிட்டு நாலாவது தடவை எடுப்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. இதற்கு முழு ஸ்டார்ட்டரையும் மாற்றுவது அநியாயம். அந்த இரண்டு செம்புக் கட்டைகளும் தட்டும் தனியாகக் கிடைக்கும் பொருள்கள்.

இனி ஜும்ஆவுக்குப் பிறகு நின்ற கார். அது சுற்றியது, பிடிக்கவில்லை, கதவு திறந்து வைத்தபின் எடுத்தது. தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை உலகெங்கும் ஒன்றுதான். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஒரு ரிலேதான் பெற்றோல் பம்புக்கு மின்சாரம் கொடுக்கிறது. அதற்குள் தடித்த செம்புக் கால்கள் மெல்லிய சர்க்யூட் பலகையில் சோல்டரால் பிடித்திருக்கும். செம்பு ஒரு பாகை வெப்பத்துக்குப் பத்து இலட்சத்தில் 17 பங்கு விரியும். பலகை அதன் தடிப்பு வாக்கில் அதைவிடப் பல மடங்கு விரியும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 60 பாகையைத் தாண்டுவது இங்கே சாதாரணம். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, வருடங்களில் சோல்டரைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக ஒரு விரிசல் விழும். குளிரில் அது மூடியிருக்கும், சூட்டில் திறக்கும். கதவைத் திறந்து காற்று விட்டதுதான் அன்றைக்கு வைத்தியம். நாலு பேர் சொன்ன யோசனைகளுக்கு அதில் பங்கில்லை. சாவியை ‘ஒன்’னில் வைத்ததும் பின் ஆசனப் பக்கமிருந்து இரண்டு செக்கன் பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காத அன்று ரிலேயையோ பம்பையோ பார்க்கலாம். சோல்டரைச் சூடாக்கி மறுபடி உருக்கி ஒட்டினால் ரிலே பழையபடி வேலை செய்யும்.

சூட்டில் நோய் காட்டும் இன்னொன்று, கிராங் ஷாஃப்டின் நிலையைச் சொல்லும் சென்சர். பல வண்டிகளில் அது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். உள்ளே கம்பி அறுந்தும் முனைகள் தொட்டுக்கொண்டிருந்தால் குளிரில் ஓடும். சூடானதும் முனைகள் பிரியும், எஞ்சின் எந்த இடத்தில் இருக்கிறதென்று கம்பியூட்டருக்குத் தெரியாமல் போகும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லையென்றால், பல கார்களில் இது ஒரு நல்ல துப்பு. சென்சரை ஹெயார் ட்ரையரால் சூடாக்கிக்கொண்டு தடையை அளந்தால் கராஜ் நிழலிலேயே நோயை வரவழைக்கலாம். பாகம் மாற்றுகிறவருக்கும் பழுது பார்க்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்து இந்த ஒரு ட்ரையர்தான்.

எஞ்சினை நிறுத்தியதும் அது ஆறத் தொடங்கும் என்று நினைப்போம். முதல் பத்து இருபது நிமிடத்துக்கு நடப்பது மறுதலை. தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டது, காற்றும் இல்லை. எஞ்சின் இரும்பில் உள்ள சூடு மேலே ஏறி பொனட்டுக்குள் தேங்கும். அமெரிக்காவில் நெடுங்காலமாக ஒரு கதை சொல்வார்கள். வெனிலா ஐஸ்கிரீம் வாங்கினால் மட்டும் ஒருவருடைய பொன்டியாக் கார் ஸ்டார்ட் ஆகாதாம். போய்ப் பார்த்த எஞ்சினியர், வெனிலா கடை வாசலிலேயே இருப்பதால் உடனே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார், மற்றவற்றுக்கு உள்ளே போய் நேரம் செல்கிறது என்று கண்டாராம். கட்டுக்கதைதான், ஆனால் அதன் இயற்பியல் சரி. பெற்றோல் பல திரவங்களின் கலவை. அதில் இலேசானவை 35, 40 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். பழைய காபரேட்டர் வண்டிகளில் சின்ன நிறுத்தத்துக்குப் பிறகு குழாயில் ஆவி நின்றுகொண்டு பெற்றோலை மறிக்கும். இஞ்செக்ஷன் வண்டிகளில் பெற்றோல் வழக்கமாக மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தம் அளவில் நிற்பதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பம்பிலுள்ள வால்வு கசிந்து அழுத்தம் இறங்கினால் காலையில் நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கும். சாவியை இரண்டு மூன்று தடவை ‘ஒன்’ செய்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் பண்ணினால் உடனே எடுக்கிறதென்றால் வால்வுதான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம்.

மாரி வந்தால் நோய்களும் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய நிசான் சன்னிகளிலும் கொரோலாக்களிலும் பிளக் வயர்களில் 20,000 வொல்ட்டும் அதற்கு மேலும் ஓடும். வயரின் மேலுறை வெடித்திருந்தால் காய்ந்த காலத்தில் தெரியாது. உப்புப் படிந்த வெடிப்பில் ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் உடம்புக்கே பாயும். இருட்டில் பொனட்டைத் திறந்து, தண்ணீரை மெல்லத் தூவி எஞ்சினைச் சுற்றவிட்டால் நீலப் பொறிகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வயரில் மட்டும் கை வைக்கக்கூடாது. நற்பிட்டிமுனையிலிருந்து சவளக்கடைப் பக்கம் போகிறவர்களுக்குக் கிட்டங்கித் தாம்போதி வேறொரு பாடம். வெள்ளம் அதன் மேலாகப் பாயும் நாட்களில் துணிந்து இறக்குகிற வண்டிகளில், எஞ்சினின் கீழ்ப்பாகத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் முழுக்க நனையும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஓரிரு வாரம் கழித்து உள்ளே துரு பிடித்து ஸ்டார்ட்டர் பல் நகர மறுக்கும்போது வெள்ளத்தை யாரும் நினைக்க மாட்டார்கள். தண்ணீருக்குள்ளேயே எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பத் திரும்பச் சாவியைப் போடுவது பெருந்தவறு. உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் நெருக்க முடியாது, கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். வயலோர வீடுகளில் எலி கடித்த வயரும் மாரியில்தான் வாய் திறக்கும்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி இந்த நோய்களுக்கெல்லாம் ஒரு ஆய்வுகூடம் போல ஆனது. கியூ.ஆர். அட்டை முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றர். அதற்கு முந்திய மாதங்களில் ஷெட் வரிசையில் நாள் கணக்கில் நின்றவையும், வீட்டிலேயே படங்கு போட்டு மூடி வைத்தவையும் ஏராளம். ஓடாத காரும் மின்சாரம் குடிக்கும். அலாரம், கம்பியூட்டர், ரேடியோ நினைவு எல்லாம் சேர்ந்து 50 மில்லி அம்பியர் என்றால் நாளுக்கு 1.2 அம்பியர் மணி. 36 அம்பியர் மணிப் பெட்டரி ஒரு மாதத்தில் வெறுமையாகும். வெறுமையாகக் கிடந்த பெட்டரியின் தட்டுகளில் ஈய சல்பேட் பளிங்காக இறுகிப்போகும். பிறகு சார்ஜ் பண்ணினால் மீட்டரில் 12.5 காட்டும், ஆனால் கொள்ளளவு போயிருக்கும். இங்கே குளிர்காலம் இல்லாததும் ஒரு விதத்தில் கேடு. கனடாவில் முதல் கடுங்குளிர் காலையே கிழட்டுப் பெட்டரியைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் வெப்பத்தில் இரசாயனத் தாக்கம் சுறுசுறுப்பாக நடப்பதால் பெட்டரி கடைசி நாள் வரை எஞ்சினை நன்றாகச் சுற்றவைக்கும். அதே வெப்பம் பத்துப் பாகைக்கு ஏறத்தாழ இரட்டிப்பு வேகத்தில் உள்ளே தட்டுகளை அரித்துக்கொண்டிருக்கும்.

டொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் பழைய மாதிரி ஸ்டார்ட்டரே கிடையாது. 144 வொல்ட் பெரிய பெட்டரிதான் எஞ்சினைச் சுற்றவைக்கிறது. ஆனால் அந்தப் பெரிய பெட்டரியின் கதவைத் திறந்துவிடும் கம்பியூட்டர்களும் ரிலேக்களும் பின்பக்கம் ஒளிந்திருக்கும் சின்ன 12 வொல்ட் பெட்டரியில் ஓடுகின்றன. அது தளர்ந்தால் ‘ரெடி’ விளக்கு வராது, டாஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் எல்லாம் மின்னும். ஹைபிரிட் பெட்டரி போய்விட்டது என்று இலட்சங்களில் விலை சொல்வதைக் கேட்டுப் பதறுவதற்கு முன் இந்தச் சின்னதை அளந்து பார்க்கவேண்டும்.

ஸ்கேனர் இருக்கிறதே என்பார்கள். ஸ்கேனர் சொல்வது எந்தச் சுற்றிலிருந்து முறைப்பாடு வந்தது என்பதை மட்டும். ‘கிராங் சென்சர் சுற்று’ என்று கோட் வந்தால் சென்சரும் கெட்டிருக்கலாம், அதன் கொனெக்டரும் கெட்டிருக்கலாம், பெட்டரி இறங்கிய ஒரு கணத்தில் கம்பியூட்டர் உளறியதாகவும் இருக்கலாம். அந்தக் கோட் பதிவை அழிப்பதற்கு முன் அதோடு பதிந்திருக்கும் எஞ்சின் சூடு, சுற்று வேகம் ஆகியவற்றைப் பார்ப்பவர் குறைவு. ‘எப்போது’ என்ற கேள்விக்கான பதில் அங்கேதான் கிடக்கிறது.

பழுது தீர்ந்ததா என்று தெரிந்துகொள்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பத்துக்கு ஒரு தடவை மறுக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஒரு பாகத்தை மாற்றிவிட்டு ஐந்து தடவை போட்டுக் காட்டுகிறார் மெக்கானிக், ஐந்தும் எடுக்கிறது, காசு கை மாறுகிறது. ஒன்றையுமே மாற்றாமல் விட்டிருந்தாலும் அந்த ஐந்தும் எடுப்பதற்கான வாய்ப்பு 0.9ஐ ஐந்து தடவை பெருக்கினால் வரும் தொகை, அதாவது நூற்றுக்கு 59. பத்துத் தடவை எடுத்தாலும் 35. இது தற்செயல் அல்ல என்று நூற்றுக்கு ஐந்துக்குள் சந்தேகத்தைக் குறைக்க 29 தடவை தவறாமல் எடுக்க வேண்டும். அந்த 29ஐயும் சுபஹுக்குப் பிறகு குளிர்ந்த நேரத்தில் போட்டுப் பார்த்தால் கணக்கே செல்லாது. ளுஹர் வெயிலில் நின்ற கார் ளுஹர் வெயிலில்தான் எடுத்துக்காட்ட வேண்டும்.

இன்னொரு குழியும் இருக்கிறது. கொனெக்டர்களின் தகரப் பூச்சு முனைகள் எஞ்சின் அதிர்வில் கண்ணுக்குத் தெரியாமல் உரசி உரசி ஒக்சைட்டு படியும். பாகத்தை மாற்றுவதற்காக அந்தக் கொனெக்டரைக் கழற்றிப் பூட்டும்போதே படலம் சுரண்டுப்பட்டு இணைப்பு சரியாகிவிடும். பேர் புதிய பாகத்துக்குப் போகும், சில மாதத்தில் பழுது திரும்பும். விமானங்களில் இருந்து கழற்றி அனுப்பும் மின்னணுப் பெட்டிகளில்கூட ‘பழுது எதுவும் இல்லை’ என்று திரும்பி வருபவை உண்டு. அவற்றுக்கும் இது ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் செய்யக்கூடியது ஒன்று: கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிவைத்து, ஒரு வாரம் கார் ஒழுங்காக ஓடியபின் அதையே மறுபடி பூட்டிப் பார்ப்பது. பழுது திரும்ப வந்தால் குற்றவாளி அதுதான். வராவிட்டால், புதிதாக வாங்கியதை ஒருபக்கம் வைத்துவிட்டு கொனெக்டர் பக்கம் தேடத் தொடங்கலாம்.